பக்கத்து வீட்டுப் பேரில் மூன்று பிடி

"யாருக்குடா?" என்று அத்தை கேட்டார். தீபாவளி அன்று ராத்திரி, மேலூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில், பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தேன். தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம், தூறலில் ஊறிப்போய்க் கிடந்தது. வெடிச் செலவுக் கணக்கு எழுதுகிறேன் என்றுதான் அத்தை நினைத்திருக்க வேண்டும். "என்னடா எழுதுற?" என்றார். "நன்றி எழுதுறேன் அத்தை. தினமும் மூணு விஷயத்துக்கு நன்றி எழுதணும்." அதற்குத்தான் அந்தக் கேள்வி. நான் நோட்டைப் பார்த்தேன். இருபதாம் நாள் என்று மேலே போட்டு, லீவு கிடைத்தது, மாட்டுத்தாவணியில் உட்கார இடத்தோடு பஸ் கிடைத்தது, உளுந்த வடை என்று எழுதியிருந்தேன். மூன்றிலும் ஒரு மனிதர்கூட இல்லை. வடை சுட்டவர் எதிரே நிற்கிறார், அவர்கூட இல்லை. "பொதுவாத்தான்" என்றேன். "பொதுவாவா?" என்று ஒரு இழுப்பு இழுத்து, வெற்றிலைச் சாற்றை வாசலில் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நோட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் மதுரையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 2025 ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்த சூட்டோடு, ஆன்லைனில் ஒரு பயிற்சியாளர் வந்தார். நன்றியுணர்வு ஓர் ஆன்மிகப் பாதை, இலையுதிர் காலம் அதற்கு உகந்த பருவம், மரம் இலையை உதிர்ப்பதுபோல நாமும் மனக்குறையை உதிர்த்துவிட்டு இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார். வாட்ஸ்அப்பில் ஒரு குழு. 21 நாள். தினமும் மூன்று. குழுவின் முகப்பில் சிவப்பு மேப்பிள் இலை. நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் குளித்துவிட்டு நிற்கிற மாதிரி பச்சைப் பசேலென்று நின்றது. எங்கள் பக்கம் மரம் இலையைக் கொட்டுவது மாசி பங்குனியில். புரட்டாசி ஐப்பசியில் உதிர்வது சுவர்ச் சுண்ணாம்பு மட்டும்தான்.

வேடிக்கைக்குச் சொன்னாலும் இந்தப் பருவக் குழப்பம் எனக்குள் வேறு ஒன்றைக் கிளறிவிட்டது. கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்கள், அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழன் என்று நன்றி சொல்ல ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் நேரம். நிறைந்த வயிற்றோடு நன்றி சொல்வது சுலபம். மேலூர்ப் பக்கத்துக் கணக்கு இதற்கு நேர் எதிர். பெரியாற்றுத் தண்ணீர் வைகையில் வந்து, பேரணையில் பிரிந்து, பிரதானக் கால்வாயில் ஓடிவருகிறது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், 45,041 ஏக்கர். அதைத் தாண்டி இருக்கும் எங்களுக்கு ஒருபோகம்தான். நல்ல வருஷமென்றால் புரட்டாசி வாக்கில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். ஐப்பசியில் நடவு, தையில் அறுப்பு. ஆக, மற்ற நாட்டுக்காரர்கள் விளைந்ததற்கு நன்றி சொல்லும் மாதத்தில், எங்கள் ஊர்க் குதிரில் போன தைக்குக் கொட்டிய நெல் அடி தட்டிக்கொண்டிருக்கும். ஐப்பசியையும் கார்த்திகையையும் பழந்தமிழ்க் கணக்கில் கூதிர் காலம் என்பார்கள். கூதிர் பிறந்தால் குதிர் காலி என்று நானே ஒரு பழமொழி செய்து வைத்திருக்கிறேன். அந்த மாதத்தில் போய், ஊர் கூடி அரிசி திரட்டி, சோறு வடித்து, பௌர்ணமி அன்று சிவன் தலையில் கொட்டுகிறார்கள். இருக்கிற அரிசியை இப்படிச் செய்கிறார்களே என்று காலேஜ் படிக்கும்போது பேசியிருக்கிறேன். அப்பத்தாவிடமே பேசியிருக்கிறேன், பகுத்தறிவோடு. அவர் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது போன தீபாவளிக்கு மறுநாள்தான் தெரிந்தது.

அதற்கு முன்னால், நோட்டுக்கு நியாயம் செய்துவிட வேண்டும். இது அமாவாசைக்கு ஒரு புதுப் பயிற்சி விற்கிறவர்கள் கண்டுபிடித்தது அல்ல. 2003-ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, பத்து வாரம், வாரத்துக்கு ஒருமுறை எழுதச் சொன்னார்கள். ஒரு குழு நன்றியோடு நினைக்கும் ஐந்து விஷயங்களை எழுதியது. இன்னொரு குழு எரிச்சலூட்டிய ஐந்தை எழுதியது. மூன்றாவது குழு அந்த வாரம் நடந்தவற்றைப் பொதுவாக எழுதியது. நன்றி எழுதியவர்களுக்குத் தங்கள் வாழ்க்கை கொஞ்சம் நல்லதாகவே தெரிந்தது, உடற்பயிற்சிகூட அதிகம் செய்தார்கள். நானும் முதல் வாரம் சுகமாகத்தான் இருந்தேன். ஒன்பதாம் நாள் 'ஏசி வேலை செய்தது' என்று எழுதினேன். பதினாறாம் நாள், காபி மூன்றாவது முறையாக வந்தது. அதே வாரம் குழுவில் ஒருவர், பாலத்துக்கு அடியில் நனைந்துகொண்டு படுத்திருந்த மனிதர் ஒருவரைப் படம்பிடித்துப் போட்டு, 'இந்த நிலையில் என்னை வைக்காததற்கு நன்றி' என்று எழுதினார். முப்பது பேர் கைகூப்பினார்கள். நானும் பழக்க தோஷத்தில் கூப்பிவிட்டு, அப்புறம் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் போனை வைத்துவிட்டேன்.

அப்பத்தா சொல்லாத சொல்

அப்பத்தா வாயிலிருந்து 'நன்றி' என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. தண்ணீர்க் குடத்தை யாராவது தூக்கிவிட்டால் "மகராசனா இரு" என்பார். பஸ்ஸில் இடம் கொடுத்த பெண்ணிடம் "உன் வயிறு குளுரணும் தாயி" என்பார். வீட்டுக்குள் அதுவும் கிடையாது. அம்மா சோறு போட்டால் தின்றுவிட்டு எழுந்துபோவோம். நான் ஒருமுறை ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அம்மாவிடம் 'நன்றி' சொன்னேன், அம்மா ஏதோ தப்பு நடந்துவிட்டதுபோல என்னைப் பார்த்தார். இப்போதும் கடைக்காரரிடம் 'தேங்க்ஸ்ண்ணே' சரளமாக வருகிறது. 'நன்றி' மேடையில் மட்டும்தான் வருகிறது, கூட்டம் கலையப் போகிறது என்பதற்கு அடையாளமாக.

இதை நன்றிகெட்ட தனம் என்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். ஆனால் பழைய தமிழில் நன்றி என்றால் நன்மை, ஒருவர் செய்த நல்ல காரியம் என்றே பொருள். அதனால்தான் வள்ளுவர் அதிகாரத்துக்கு நன்றி சொல்லுதல் என்று பேர் வைக்கவில்லை, செய்ந்நன்றி அறிதல் என்று வைத்திருக்கிறார். செய்த நல்லதை அறிந்திருப்பது. பத்தாம் வகுப்பில் இந்த அதிகாரத்தை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய எனக்கு அந்த 'அறிதல்' கண்ணில் பட்டதே இல்லை. அறிய வேண்டுமென்றால் விசாரிக்க வேண்டும். யார் செய்தார், எப்போது செய்தார், அவர் நிலைமை என்னவாக இருந்தபோது செய்தார். அத்தை கேட்ட 'யாருக்கு' அந்த வேலையின் முதல் கேள்வி. என் நோட்டில் அந்த வேலையே இல்லை. கிடைத்ததை மட்டும் வரவு வைத்திருந்தேன், யாரிடமிருந்து என்ற பத்தியே போடவில்லை. பதினெட்டு வருஷம் கணக்கு எழுதுகிறவன் செய்கிற காரியமா இது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நன்றி நம் ஊரில் அடிக்கவும் பயன்படும். 'நன்றி கெட்டவனே' என்பதைவிடப் பெரிய வசவு கிடையாது, அதை எப்போதும் மேலே இருப்பவர்தான் கீழே இருப்பவரைப் பார்த்துச் சொல்வார். கூலி கூட்டிக் கேட்டால், "எங்க உப்பைத் தின்னவன் கேக்குற கேள்வியா இது?" செஞ்சோற்றுக் கடன் என்று சொல்லிச் சொல்லியே கர்ணனைத் தப்பான பக்கம் நிற்க வைத்த கதையைக் கண்ணீர் விட்டுக் கேட்கிறோம். எனக்கு மதுரைச் சொக்கனின் கதை பிடிக்கும். வந்திக் கிழவியிடம் உதிர்ந்த பிட்டை வாங்கித் தின்றுவிட்டு, அதற்குக் கூலியாக வைகைக் கரையில் மண் சுமக்கப் போனவர், வேலை செய்யாமல் ஆட்டம் போட்டு, படுத்துத் தூங்கி, பிரம்படி வாங்கினார். கிழவி அவரிடம் எந்தக் கடனையும் திருப்பிக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முருங்கைக் கிளை

மறுநாள் காலை கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுவரோரம் முருங்கை நிற்கிறது. அப்பத்தா காலத்து மரம் காற்றில் விழுந்து, அதன் போத்தை நட்டு வந்தது இது. சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்த கிளையில் நாலைந்து காய் தொங்கியது. கையை நீட்டினேன். "அது அவுக பக்கம். விடு" என்றார் அத்தை. அப்பத்தாவின் அதே வார்த்தை, அதே குரல். சின்ன வயதில் அந்தப் பக்கத்துக் காயைப் பறித்ததற்காக அப்பத்தா அகப்பைக் காம்பால் என் புறங்கையில் ஒன்று வைத்திருக்கிறார். அடி மறந்துவிட்டது, நியாயமில்லாத அடி என்ற எண்ணம் மறக்கவில்லை. ஏனென்றால் பக்கத்து வீட்டோடு எங்களுக்குப் பேச்சு வார்த்தையே கிடையாது. சண்டை வந்ததே அந்த மரத்தால்தான். எங்கள் மரம் அவர்கள் சுவரைத் தாண்டுகிறது, அவர்கள் நம் காயைப் பறிக்கிறார்கள் என்று தெருவே கூடி நின்று பார்த்த சண்டை. "பேசாத வீட்டுக்கு எதுக்கு அத்தை காயை விடணும்?" என்று அன்றைக்குக் கேட்காததை இப்போது கேட்டேன். அத்தை கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

நான் நாலாவது படித்த வருஷம். மழை ஏமாற்றிவிட்டது, கால்வாயில் தண்ணீர் வரவில்லை. அப்பா திருப்பூரில் இருந்தார், மணியார்டர் வரவில்லை. வீட்டில் ரேஷன் புழுங்கலரிசி மட்டும் கொஞ்சம் இருந்தது. அன்னாபிஷேகத்துக்குப் பச்சரிசி வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் என்னவென்றால், பௌர்ணமிக்கு முந்தின நாள் ஒருவர் நோட்டோடும் ஒரு பையன் சாக்கோடும் வீடு வீடாக வருவார்கள். வீட்டுக்கு மூன்று பிடி. படியால் அளக்கக் கூடாது, வீட்டுப் பெண் கையால் அள்ளிப் போட வேண்டும். அப்பத்தாவின் பிடி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மற்றவர்கள்போல விரலை இறுக்க மாட்டார். கையைக் குவித்து அள்ளுவார், அரிசி மேலே கும்பமாக நிற்கும். விரலிடுக்கில் சரிவதை இடது கையால் ஏந்தி அதையும் சாக்கில் போடுவார். வளையலில் ஒட்டிய ஒன்றிரண்டைக்கூடத் தட்டிவிடுவார். மூன்றாவது பிடியைப் போட்டதும் வெறுங்கையை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார்.

அந்த வருஷம் நோட்டுக்காரர் வரும் நேரம் பார்த்து, வீட்டைப் பூட்டிவிட்டு வயக்காட்டுக்குப் போய்விட்டாராம். வயலில் ஒன்றும் இல்லை, வெடித்துக் கிடக்கிறது. சும்மா வரப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு இருட்டியபின் வந்திருக்கிறார். மறுநாள் கோயில் பக்கமே போகவில்லை. பூசை முடிந்தால் நோட்டைப் பார்த்துப் பேர் சொல்லித்தான் தயிர்சாத உருண்டை கொடுப்பார்கள். எங்கள் வீட்டுப் பேரைக் கூப்பிட்டார்கள். அத்தை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். "தப்பாக் கூப்பிட்டிருப்பாக" என்றாராம் அப்பத்தா. தப்பில்லை. நோட்டில் எங்கள் வீட்டுக்கு நேரே மூன்று என்று இருந்தது. பூட்டுத் தொங்கிய வீட்டைத் தாண்டிப் போகப் பார்த்த நோட்டுக்காரரை நிறுத்தி, பக்கத்து வீட்டுப் பெரியம்மா தன் மூன்று பிடியைப் போட்டுவிட்டு, இன்னும் மூன்று அள்ளிப் போட்டு, "இது அந்த வீட்டுப் பேருல எழுதிக்கங்க" என்றிருக்கிறார். பேச்சு வார்த்தை இல்லாத வீடு. மூன்று மாதம் முன்னால் தெருவில் நின்று மாறி மாறிச் சாபம் விட்ட வீடு.

அப்பத்தா அந்த உருண்டையை ரொம்ப நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு எங்களுக்குப் பிட்டுக் கொடுத்தாராம். நானும் தின்றிருக்கிறேன். எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. மறுநாளிலிருந்து அந்தப் பக்கத்துக் கிளையை அப்பத்தா தொடவில்லை, யாரையும் தொட விடவில்லை. "அப்ப ரெண்டு பேரும் பேசிக்கிட்டாகளா?" என்றேன். "எங்கிட்டுப் பேசுறது? சாகுற வரைக்கும் பேசலை."

அன்று இருபத்தோராம் நாள். குழுவில் நிறைவுச் செய்தி போடச் சொல்லியிருந்தார்கள், சான்றிதழ் வேறு உண்டாம். நான் ஒன்றும் போடவில்லை. சோறு கொடுத்திருந்தால் அது உதவி. பெரியம்மா செய்தது அது இல்லை. கொடுக்கிற வீடு என்ற பேரை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார். சாமிக்குப் போடும் வரிசையில் எங்களுக்கு ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார், நாங்கள் ஊரில் இல்லாதபோது துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல. கிட்டத்தட்ட நாற்பது வருஷமாக இது எனக்குத் தெரியாது. தெரியாமல் இருபது நாள் ஏசிக்கும் காபிக்கும் நன்றி எழுதியிருக்கிறேன்.

பெரியம்மா சொன்னது

பெரியம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. மகன் குடும்பம் வெளியூரில், அவர் மட்டும் அந்த வீட்டில். போய்ப் பார்ப்பதா வேண்டாமா என்று ஒரு மணிநேரம் யோசித்தேன். 2005-ல் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. சரியாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி, நேரில் போய்க் கொடுக்கச் சொன்னார்கள். அவர்கள் முயன்று பார்த்த பயிற்சிகளில் உடனடி மகிழ்ச்சியை அதிகம் தந்தது அதுதான், ஒரு மாதம் வரை அந்த மகிழ்ச்சி தங்கியது. எனக்குக் கடிதம் எழுத வரவில்லை. பெரியம்மாவுக்குப் படிக்கவும் வராது. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

போனதும்தான் சிக்கல் தெரிந்தது. சொல்வதற்கு வார்த்தை இல்லை. 'நன்றி பெரியம்மா' என்றால் பஞ்சாயத்து போர்டு கூட்டம் மாதிரி இருக்கும். 'நல்லா இருங்க' என்பது பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்வது, மேலே ஏறாது. கடைசியில் குனிந்து காலைத் தொட்டேன். "என்னடா, யாருக்குக் கல்யாணம்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். ஞாபகம் வந்தது. வந்தவுடன் முகம் சுளித்தது.

"உங்க அப்பத்தாவுக்காகவா போட்டேன்? அது பேசின பேச்சுக்கு ஒரு அரிசி போட்டிருப்பனா? நம்ம தெருவுல ஒரு வீடு விட்டுப்போச்சுன்னா மேலத்தெருக்காரி ஒருத்தி இருந்தா, வருஷம் பூராச் சொல்லிக்காட்டுவா. அதுக்குப் போட்டேன்."

"அதுக்கப்புறம் அப்பத்தா அந்தக் கிளையை உங்களுக்கு விட்டுட்டாகல்ல?"

"விட்டா! காயையா விட்டா? மழை பேஞ்சா மரம் பூரா கம்பளிப்பூச்சி. அம்புட்டும் எங்க வீட்டுக்குள்ளதான் இறங்கும். வெளக்கமாத்தால கூட்டி அள்ளி நெருப்பு வச்சேன் வருஷா வருஷம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. நான் கண்ணீரோடு கேட்ட கதையில் அவருக்கு இருந்தது தெருப் பெருமையும் கம்பளிப்பூச்சியும்தான். ராத்திரி படுத்துக்கொண்டு இதை உருட்டிக்கொண்டிருந்தேன். என்ன எண்ணத்தோடு செய்தார் என்பதைப் பார்த்தா நன்றி? இரக்கப்பட்டுச் செய்தார் என்றே வைத்துக்கொள்வோம், அப்பத்தாவால் அதைத் தாங்கியிருக்க முடியுமா? இரக்கம் சுவரைத் தாண்டி வந்திருந்தால் மூன்று பிடியையும் திருப்பிக் கொட்டியிருப்பார், அந்தக் குணம் எனக்குத் தெரியும். தெருவுக்காகப் போட்டதால்தான் அவரால் வாங்கிக்கொள்ள முடிந்தது. கோபம் அப்படியே இருக்கட்டும், கிளை உனக்கு. இப்படியும் ஒரு கணக்கு முடியும் என்று எந்தப் பயிற்சியாளரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நோட்டில் இல்லாத வீடுகள்

'யாருக்கு' என்று கேட்க ஆரம்பித்தால் அது வசதியான இடத்தில் நிற்பதில்லை. எங்கள் பக்கம் அரிசி என்றால் பெரியாறு. மேற்கே கடலுக்குப் போன ஆற்றை 1895-ல் அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பென்னி குயிக். கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அவர் பேர் வைத்திருக்கிறார்கள், லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது, அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலோடு சேர்ந்து வருவதால் அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரை இத்தனை தலைமுறை மறக்காமல் இருப்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் அந்தக் காட்டில் மலேரியாவிலும் காலராவிலும் செத்துப்போன கூலியாட்களில் ஒருவர் பேராவது எனக்குத் தெரியுமா? அவர்கள் நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள்.

அதைவிடக் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர் நோட்டில் ஊரின் எல்லா வீடும் கிடையாது. கண்மாய்க்கு அங்கிட்டு இருக்கும் தெருவுக்கு அந்தச் சாக்கு போனதில்லை. நாற்று நட்டது, களை எடுத்தது, அறுத்தது எல்லாம் அந்தத் தெருவின் கைகள். அப்பத்தா குவித்து அள்ளிய அந்தப் பச்சரிசியும் அவர்கள் கை பட்டு வந்ததுதான். ஒரு வீடு விட்டுப்போனால் தெருவுக்கே அவமானம் என்று பெரியம்மா நினைத்தார். ஒரு தெருவே விட்டுப்போனது யாருக்கும் அவமானமாகத் தெரியவில்லை. இப்போதாவது போகிறதா என்று அத்தையிடம் கேட்டேன். "அவுக தனியாச் செய்யிறாக" என்றார். கேட்டது அது இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார், நான் மதுரைக்குப் பஸ் ஏறினேன். என் நோட்டில் இந்த இடத்தில் ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்.

பௌர்ணமி நவம்பர் 5, புதன்கிழமை. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு முந்தின நாளே ஊருக்கு வந்துவிட்டேன். மேலமாசி வீதியில் வாங்கிய பச்சரிசி, இரண்டு கிலோ. அத்தை சிரித்தார். "ஊருல அரிசி இல்லேன்னு மதுரையில இருந்து தூக்கிட்டு வந்தியா?" சாயங்காலம் நோட்டு வந்தது. நோட்டுக்காரர் இப்போது காலேஜ் படிக்கும் ஒரு பையன், சாக்கு ஒரு டூவீலரின் முன்னால் கிடந்தது. "மாமா, அரிசி போடுறீங்களா, ஜிபே பண்றீங்களா?" என்றான். நோட்டைக் கொஞ்சம் காட்டச் சொன்னேன். பழைய மாதிரியேதான் கோடு போட்டிருக்கிறது. வீட்டுப் பேர், பிடி. சிலதற்கு நேரே ரூபாயில் இருந்தது. கண்மாய்க்கு அங்கிட்டுப் போவீர்களா என்று கேட்டேன். "பெரியவங்ககிட்டதான் கேக்கணும் மாமா" என்று நோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

அத்தை மூன்று பிடி போட்டார். வீட்டுப் பெண் கையால்தான் போட வேண்டும் என்ற வழக்கம் இப்போது தளர்ந்துவிட்டது, "நானும் போடலாமா?" என்று கேட்டுக்கொண்டேன். கையைக் குவித்து அள்ளினேன். அப்பத்தாவுக்கு நின்ற மாதிரி எனக்குக் கும்பம் நிற்கவில்லை, விரலிடுக்கில் சரிந்தது, இடது கையால் ஏந்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பெரியம்மா இந்நேரம் படுத்திருப்பார், குளிருக்கு அவர் வெளியே வருவதில்லை என்று அத்தை சொல்லியிருந்தார்.

"இது எந்தப் பேருல மாமா?" என்றான் பையன், பேனாவைத் திறந்துகொண்டு.

"பக்கத்து வீட்டுப் பேருல எழுதுப்பா" என்றேன்.

சாத்தியிருந்த கதவு படாரென்று திறந்தது. "ஏன்டா, நான் என்ன செத்தா போயிட்டேன்?" இடுப்பில் ஒரு பித்தளைச் சட்டி, அதில் அரிசி. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி வந்தார். சாக்கின் வாயை அவருக்கு நேரே விரித்துப் பிடித்தேன். முதல் பிடியைப் போட்டார். இரண்டாவதைப் போட்டார். மூன்றாவதை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் முருங்கையை அண்ணாந்து பார்த்து, "இந்த வருஷமும் பூச்சி வச்சிருச்சு, பாத்தியா" என்றார்.